விரல் மட்டும் போகும் ஒயர்

பாட்டு நான்கு வினாடி வளர்ந்திருந்தது.

நேற்று மாலை ஷவ்கி லேப்டாப்பை மூடியபோது அது மூன்று நிமிடம் நாற்பத்திரண்டு வினாடி. ஒரு மாதமாகக் கூடவே படுத்து எழுந்த எண் அது. இன்று காலை பத்து மணிக்குத் திறந்தால் மூன்று நாற்பத்தாறு. தூக்கக் கலக்கம் என்று நினைத்துப் புதினாத் தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டு மறுபடி பார்த்தான். மூன்று நாற்பத்தாறு.

"முட்டாள் புரோகிராம்," என்று முணுமுணுத்தான். "இதை எழுதினவனும் கல்யாணக் கச்சேரிக்காரனாத்தான் இருப்பான்."

திரையைக் கடைசிவரை நகர்த்தினான். பாட்டு முடிந்து, கொஞ்சம் வெறுமை. அதன் பிறகு பத்துக் கோடுகள். பத்துக் கட்டைகளை ஒரே நேரத்தில் யாரோ தொட்டிருக்கிறார்கள். தொட்ட பலம், ஒன்று. நூற்றிருபத்தேழு வரை ஏறுகிற அளவில் வெறும் ஒன்று. துணி உரசினால்கூட அதைவிட அதிகம் காட்டும். அந்தப் பலத்துக்குச் சத்தமே வராது.

கீபோர்டையும் லேப்டாப்பையும் இணைக்கும் அந்த ஒயரில் பாட்டு போவதில்லை. இதைத் தன்னிடம் வரும் கல்யாண வீட்டு வாத்தியக்காரர்களுக்கு விளக்கி விளக்கி ஷவ்கிக்கு அலுத்துவிட்டது. ஒலி போகாது. எந்தக் கட்டை, எவ்வளவு பலம், எத்தனை நேரம், அவ்வளவுதான் போகும். விரல் மட்டும் போகும். லேப்டாப் அந்த விரலை வைத்துக்கொண்டு, கேட்கும்போதெல்லாம் கீபோர்டுக்குத் திருப்பி அனுப்பும். வாசித்தவன் தேவையில்லை. இதைச் சொன்னால் அந்த ஆட்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். ஸைன்ஹும் என்ற ஒருவன் மட்டும்தான், "அப்ப நான் வீட்டுக்குப் போனாலும் என் கை இங்கயே இருக்குமா, உஸ்தாத்?" என்று கேட்டான். படிக்காதவனின் கேள்வி.

கடைசிப் பத்துக் கோடுகளையும் அழித்தான். மூன்று நாற்பத்திரண்டு.

கெய்ரோவை ஒட்டிய கீஸாவில், ஃபைஸல் தெருவில், ஊறுகாய்க் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்தது அவனுடைய ஸ்டுடியோ. ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துச் சுவரெங்கும் கறுப்புப் பஞ்சுப் பலகை ஒட்டியிருந்தான். கதவைச் சாத்தினால் கீழே மைக்ரோபஸ்காரர்கள் கத்துவதும் ஹாரனும் கடைக்காரனின் ரேடியோவும் ஒரே வெட்டில் நின்றுவிடும். அதன் பிறகு உள்ளே பகலும் கிடையாது, இரவும் கிடையாது, ஏ.சி.யின் மூச்சு, லேப்டாப்பின் சின்ன விசிறி, எத்தனை பலகை ஒட்டினாலும் தரை வழியாக ஏறிவந்துவிடும் வினிகர், பூண்டு வாடை, அவ்வளவுதான். வருகிறவர்கள் உட்காரும் நாற்காலிக்கு நேரெதிரே, கண்ணாடிச் சட்டத்துக்குள், அவனுடைய இசைக் கல்லூரிச் சான்றிதழ். அந்தச் சான்றிதழை வைத்து இருபது வருடமாக அவன் செய்தது நெய்க்கும் சோப்புக்கும் குழந்தை அணையாடைக்கும் விளம்பர மெட்டுகள்.

ஸைன்ஹும் இம்பாபா பேட்டைக்காரன். தெருக் கல்யாணங்களில் வாசிக்கிறவன். பளபளக்கும் பச்சைச் சட்டை, எண்ணெய் வழியும் தலை, நகத்தடியில் அழுக்கு. நோட்டுப் படிக்கத் தெரியாது. ஒரு தாளத்தைச் சரிசெய்து கொடுக்க வந்தவன், தேநீர் வருவதற்குள் சும்மா, தான் கொண்டுவந்த கீபோர்டின் கட்டைகளின் மேல் கையை வைத்தான். மூன்று நிமிடம் நாற்பத்திரண்டு வினாடி. ஒயர் இணைப்பில் இருந்தது, லேப்டாப் பதிந்துகொண்டிருந்தது.

"நல்லாருக்கா, உஸ்தாத்?"

"கல்யாணத்துக்குப் போதும்," என்றான் ஷவ்கி.

பத்தாவது நாள் ஸைன்ஹும் கல்யாண மேடையிலேயே செத்துப்போனான். ஷவ்கி துக்கத்துக்குப் போய், சர்க்கரை போடாத காப்பி குடித்து, திரும்பும்போது செத்தவனின் கீபோர்டையும் பழுது பார்த்துத் தருகிறேன் என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். இந்த ஆட்கள் வருடக்கணக்காகத் தங்கள் கீபோர்டுக்குள் சொந்தமாக ஒலிகளைச் செய்து சேர்த்து, அடுத்தவன் எடுக்க முடியாதபடி பூட்டி வைத்திருப்பார்கள். இரண்டு கட்டைக்கு நடுவே நிற்கிற அந்தக் கால் சுரங்கள் ஸைன்ஹுமின் கீபோர்டில்தான் அழுதன. வேறெந்தக் கீபோர்டிலும் அவை வெறும் சுருதி பிசகாகக் கேட்டன.

அந்தப் பாட்டைத் தன் பெயரில் மேடம் நெவீனுக்கு அனுப்பினான். ரமலான் மாதத் தொடருக்கு முகப்பு இசை தேடிக்கொண்டிருந்த தயாரிப்பாளர். அவள் மறுநாளே கூப்பிட்டாள்.

"பாட்டு பிரமாதம். ஆனா கம்ப்யூட்டர்ல என் டிரைவர்கூடப் பாட்டுப் போடுறான், உஸ்தாத். எனக்குக் கையைப் பாக்கணும்."

இன்று நாலு மணிக்கு வருகிறாள். அவன் கை அவளுக்குப் பிடித்துவிட்டால், முப்பது நாளும் நோன்பு திறந்த நேரத்தில், எகிப்தே சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருக்கும்போது, திரையில் அவன் பெயர். பிடிக்கவில்லை என்றால், திருடன் என்ற பெயர். நடுவே எதுவும் கிடையாது.

அவனால் அந்தப் பாட்டை வாசிக்க முடியவில்லை. மூன்று வாரம் முயன்றான். சுரங்கள் வந்தன, பாட்டு வரவில்லை. ஆகவே வேறு ஏற்பாடு. கீபோர்டின் கட்டைகளுக்கும் அதன் குரலுக்கும் நடுவே உள்ள தொடர்பை உள்ளே அணைத்துவிடலாம். அப்புறம் கட்டையை எப்படிக் குத்தினாலும் சத்தம் வராது, லேப்டாப் சொல்வதை மட்டும் கீபோர்டு பாடும். லேப்டாப்போடு ஒயரில்லாமல் பேசுகிற செல்போனைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஒரு தட்டு தட்டினால் ஸைன்ஹுமின் விரல்கள் கிளம்பும். மேலே ஷவ்கியின் விரல்கள் கூடவே நடித்தால் போதும்.

நடிப்பு பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு வேலை செய்தான். லேப்டாப்பிலிருந்து கீபோர்டுக்கு ஒரு வழி போதும். அவன் திரும்பும் வழியையும் திறந்து வைத்தான். செத்த கட்டைகளில் அவன் குத்துவது திரையில் நீலக் கோடுகளாக விழும். மேலே ஸைன்ஹுமின் சிவப்புக் கோடுகள். இரண்டு வழியையும் ஒரே சமயத்தில் திறந்துவைக்கக் கூடாது என்று தொழிலில் எல்லோருக்கும் தெரியும். போனது திரும்பி வரும்; வந்தது மறுபடி போகும்; சுற்றிக்கொண்டே இருக்கும். ஷவ்கி அதையெல்லாம் மற்றவர்களுக்குச் சொல்கிற இடத்தில் இருந்தான்.

பதினொரு மணிக்கு ஒருமுறை முழுதாகப் பழகிப் பார்த்தான். சிவப்பும் நீலமும் ஓரளவு ஒட்டின. திருப்தியாகத் தேநீர்க் கோப்பையை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, திரையைப் பார்த்தான்.

நீலக் கோடு ஒன்று விழுந்தது.

சின்னது. பலம் இரண்டு. பிறகு இன்னொன்று. மூன்று. பக்கத்துக் கட்டை. அதற்கடுத்தது. யாரோ இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு வருகிற மாதிரி, இடது ஓரத்துக் கனத்த கட்டைகளிலிருந்து ஒவ்வொன்றாக நடுவை நோக்கி. கட்டைகள் அசையவில்லை. அவனுடைய இரண்டு கையும் கோப்பையில்.

செல்போன்தான், என்று முடிவு கட்டினான். பக்கத்து வீட்டு எவனோ ஒரு பொறுக்கி தன் போனைத் தவறுதலாக இணைத்துவிட்டான். பட்டியலைத் திறந்தான். இணைந்திருப்பது ஒன்றே ஒன்று. அவனுடைய போன். அதை அணைத்தான், முழுதாக, திரை கறுப்பாகும்வரை. பட்டியலில் இன்னும் ஒன்று இருந்தது. பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

பாட்டின் நீளம் மூன்று ஐம்பத்தெட்டு.

கதவை யாரோ தட்டினார்கள். அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதற்காகத் தன் மேலேயே எரிச்சல் வந்து, அதே எரிச்சலோடு கதவைத் திறந்தான்.

இன்ஸாஃப். ஸைன்ஹுமின் பெண்சாதி. கறுப்பு அங்கி, மூன்று மாடி ஏறிய மூச்சு, சோப்புக் காரத்தில் வெடித்த கை.

"போனே எடுக்க மாட்டேங்கிறீங்களே, உஸ்தாத்?"

"ஊர்ல இருக்கிறவன் எல்லாம் கூப்பிட்டா நான் எப்ப வேலை பாக்கிறது?"

"நான் ஊர்ல இருக்கிறவ இல்ல. ஸைன்ஹும் பொண்டாட்டி." அவள் அவனைத் தாண்டி உள்ளே பார்த்தாள். "வெள்ளிக்கிழமை நாப்பதாம் நாள். அவரு தம்பி அலெக்ஸாண்டிரியாலருந்து வந்திருக்காரு. கீபோர்டைக் குடுத்துடுங்க."

"பழுது இன்னும் முடியல."

"லைட்டெல்லாம் எரியுதே?"

"லைட் எரிஞ்சா ஆச்சா? உனக்கு என்னம்மா தெரியும்? வாஷிங் மெஷின்லகூடத்தான் லைட் எரியுது."

"வாஷிங் மெஷினைப் பத்தி எனக்கு நல்லாத் தெரியும், உஸ்தாத். நாலு வீட்டுத் துணி துவைக்கிறேன்."

அவன் கதவைக் கொஞ்சம் சாத்தினான். அவள் நகரவில்லை.

"இன்னொண்ணு கேக்கணும். அவரு கரண்ட் எடுக்கிற இரும்புப் பெட்டி இருக்குல்ல, எங்க போனாலும் தூக்கிட்டுப் போவாரே, அதை எலக்ட்ரீஷியன்கிட்டக் காட்டினோம். உள்ள எர்த் ஒயர் வெட்டியிருக்காம். அறுந்தது இல்ல. வெட்டினது. கட்டிங் பிளேயர் வச்சு, அளவா."

"கல்யாண மேடையில கண்டவனும் கை வைப்பான்."

"அவரு ஒருத்தனையும் தொட விடமாட்டாரு. இங்க மட்டும்தான் வச்சிட்டு அஸர் தொழப் போனேன்னு சொன்னாரு. அன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து ஒரே சந்தோஷம். 'என் பெட்டியில எப்பவும் ஒரு இரைச்சல் வருமேடி, உஸ்தாத் இடத்துல அது நின்னே போச்சு, என்ன மந்திரம் போட்டாரோ மனுஷன்'னாரு."

அவள் கண் கீபோர்டின் மேலேயே இருந்தது.

"தெருவுல தண்ணி தெளிச்சு வச்சிருந்தாங்க, வெயிலுக்கு. கடைசிச் சுரத்தைப் புடிச்சவரு விடவே இல்ல. வித்தை காட்டுறாருன்னு சனம் கத்துச்சு, விசிலடிச்சுச்சு. கரண்ட்டை நிறுத்தின பிறகும் விரல் வரல, உஸ்தாத். நாலு ஆம்பளைங்க. ஒவ்வொரு விரலாப் பிரிச்சாங்க."

"நாளைக்கு வா."

"இன்னிக்கே அஞ்சு மணிக்கு வர்றோம். குடுத்தா வாங்கிக்கிறோம்," என்றாள் இன்ஸாஃப், படியிறங்கிக்கொண்டே. "குடுக்கலைன்னா எடுத்துக்கிறோம்."

கதவைச் சாத்தினான். தெருவின் சத்தம் வெட்டுப்பட்டு நின்றது.

இரண்டு நிமிட வேலை அது. கீபோர்டையும் லேப்டாப்பையும் ஒன்றாகச் சேர்த்தவுடன் ஒலிபெருக்கியில் ம்ம்ம் என்று ஓர் இரைச்சல் கிளம்பியது. ஸ்டுடியோ வைத்திருக்கிறவன் எவனும் அதற்கு என்ன செய்வானோ அதைத்தான் அவனும் செய்தான். ஸைன்ஹும் தொழப் போன நேரத்தில் பெட்டியைத் திறந்து, பச்சையும் மஞ்சளுமான ஒயரை ஒரு வெட்டு. இரைச்சல் செத்தது. திரும்ப ஒட்டவில்லை. சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் விளக்க வேண்டியிருக்கும். இந்த மாதிரி ஆட்களுக்கு விளக்குவது அவனுக்குப் பிடிக்காது.

நாற்காலியில் உட்கார்ந்தான். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது, ஏ.சி. ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஊறுகாய் வாடைக்கு அடியில் வேறொரு வாடை இருப்பது அப்போதுதான் மூக்குக்குத் தெரிந்தது, மெல்லியது, சலூனில் முடியைப் பொசுக்கினால் வருகிற மாதிரி. அது எங்கிருந்து வருகிறது என்று தலையைத் திருப்பித் திருப்பி மோந்து பார்த்துக்கொண்டிருக்கையில், ஒலிபெருக்கியின் ஆழத்திலிருந்து, முதலில் ஏ.சி.யின் சத்தம்தான் என்று நினைக்கும்படி, பிறகு அப்படி நினைக்க முடியாதபடி, அது வந்தது.

ம்ம்ம்ம்ம்.

ஒலிபெருக்கியை அணைத்தான். இரைச்சல் நின்றது. அதன் சின்ன விளக்கும் அணைந்தது. இரைச்சல் மறுபடி வந்தது. இந்தத் தடவை கீபோர்டிலிருந்து.

திரையில் சிவப்புக் கோடுகள் நீண்டுகொண்டிருந்தன. பாட்டு ஓடவில்லை. பதிவும் ஓடவில்லை. கடைசிப் பத்துக் கோடுகள் மட்டும், நிழல் நீள்வதைப் போல, பார்க்கும்போது நிற்பதாகவும் பார்வையை எடுத்துத் திரும்பினால் தள்ளிப் போயிருப்பதாகவும், வலது பக்கம் வளர்ந்தன. பலம் இப்போது நாற்பது. ஷவ்கி அழித்தான். நாற்பத்தைந்து. அழித்தான். அறுபது. கீபோர்டுக்கும் லேப்டாப்புக்கும் நடுவே இருந்த ஒயரைப் பிடுங்கினான். ஒயரின் முனை கையில் தொங்க, கோடுகள் வளர்ந்தன. தொட்ட கட்டையைத் தொட்டபடியே இன்னும் இன்னும் அமுக்கினால் அந்த அழுத்தத்தைக் காட்ட அடியில் ஒரு வளைகோடு வரும், அது ஏறிக்கொண்டிருந்தது. விடுவதற்கான குறி எங்கேயும் இல்லை. பத்து விரலும் அழுத்தியிருக்கின்றன. எடுக்கவே இல்லை.

மேடையில் விரல் ஒட்டிக்கொண்டது, ஸைன்ஹும் இங்கே வாசித்துவிட்டுப் போய்ப் பத்து நாள் கழித்து நடந்தது. இந்த லேப்டாப் அந்த மேடைக்குப் போகவே இல்லை.

நெவீனைக் கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிடலாம். வயிற்று வலி, மாமா மரணம், எதையாவது. போனை உயிர்ப்பித்தான். உயிர் வரும்போதே அது அடித்தது.

"உஸ்தாத், சீக்கிரம் வந்துட்டேன். ஊறுகாய்க் கடைக்கு மேலயா? கலை எங்கெல்லாம் குடியிருக்கு பாருங்க. வர்றேன்."

அடைத்த அறைக்குள் பகல் போனதே தெரியவில்லை, மணி மூன்றரை. துண்டிக்காத போனில் அவள் படியேறும் குதிகால் செருப்புச் சத்தம் கேட்டது. ஷவ்கி ஒயரைத் திரும்பச் செருகினான். ஒலிபெருக்கியைப் போட்டான். முகத்தைத் துடைத்தான். இரைச்சல் இல்லை. கோடுகள் இல்லை. மூன்று நாற்பத்திரண்டு என்று காட்டியது திரை, சமர்த்தாக.

இதைப் பார்த்ததும் ஓடிப்போயிருக்கலாம். அவனுக்கு நிம்மதி வந்தது.

நெவீன் ஐம்பது வயதுக்காரி. வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டி, கண்ணாடியைத் தலைமேல் ஏற்றியிருந்தாள். சான்றிதழைப் படித்தாள், ஒரு நெய் டப்பாவின் பின்புறம் படிக்கிற முகத்தோடு.

"படிச்சவரா நீங்க? கேட்டா அப்படித் தெரியலையே."

"எப்படித் தெரியுது, மேடம்?"

"யாரோ தெருவுல வளர்ந்தவன் வாசிச்ச மாதிரி. திட்டலை. பாராட்டுறேன்." நாற்காலியை இழுத்து, அவன் கைக்கு ஒரு முழ தூரத்தில் போட்டுக்கொண்டாள். "போன வாரம் ஒருத்தன், கழுத்துல பட்டுத்துணி கட்டிக்கிட்டு, இப்படித்தான் உக்காந்தான். பாட்டு ஒரு பக்கம் போகுது, கை ஒரு பக்கம் போகுது. லிஃப்ட்ல ஏறினதும் சிரிச்சேன் பாருங்க, வீட்டுக்குப் போறவரைக்கும். சரி, ஆரம்பிங்க."

கட்டைகளின் குரலை அணைத்தான். தொடைக்கு அடியில் போனைத் தட்டினான்.

ஸைன்ஹும் கிளம்பினான்.

முதல் வரி நெளிந்து வந்தது, நெவீனின் முகம் மாறியது. ஷவ்கி கையைக் கூடவே ஓட்டினான். ஒட்டியது. மூன்று வாரம் ஒட்டாதது ஒட்டியது. விரல் நுனிக்குக் கீழே கட்டை முன்கூட்டியே தாழ்ந்து இடம் கொடுக்கிற மாதிரி இருந்தது. இரண்டாம் வரிக்கு அவன் விரல்களைப் பார்ப்பதையே விட்டுவிட்டான். என்ன பெரிய வித்தை? ஒரு கல்யாணக்காரனுக்கு வந்தது படித்தவனுக்கு வராதா? இத்தனை நாள் பயந்தது எதற்கு?

இடது கையைக் கொஞ்சம் எடுத்து, ஸ்டைலாக, காற்றில் ஒரு சுழற்று சுழற்ற நினைத்தான்.

கை வரவில்லை.

விளக்கு போனது.

ஏ.சி.யின் மூச்சு நின்றது. ஒலிபெருக்கி செத்தது. கீபோர்டின் சின்னச் சின்ன விளக்குகளும் ஒன்றாகச் செத்தன. அடைத்த அறைக்குள் லேப்டாப் திரையின் நீல வெளிச்சம் மட்டும் மிஞ்சியது.

"போச்சா?" என்று சிரித்தாள் நெவீன். "கரண்ட் கட்டுக்குக்கூட நேரம் காலம் இல்ல இந்த ஊர்ல. சரி, நிறுத்துங்க உஸ்தாத், வரட்டும்."

டொக். டொக்டொக். டொக்.

அவன் விரல்கள் போய்க்கொண்டிருந்தன. உயிரில்லாத பிளாஸ்டிக்கின் மேல், விட்ட இடத்திலிருந்து, ஒரு கால் சுரமும் பிசகாமல். அவன் நிறுத்தினான். தோளை நிறுத்தினான், முழங்கையை இறுக்கினான். விரல்கள் போய்க்கொண்டிருந்தன.

நெவீன் போனில் டார்ச்சைப் போட்டாள். வெள்ளை வெளிச்சம் அவன் கையில் விழுந்தது.

"அடேயப்பா," என்றாள் மெதுவாக. "சத்தமில்லாமலே கேக்குதே. ஒண்ணு சொல்லட்டுமா, நீங்க திருடன்னு நெனச்சுத்தான் வந்தேன். இது கைதான்யா. ஒத்துக்கிறேன்."

"மேடம்."

"வாசிங்க, வாசிங்க."

"மேடம், ஒயரைப் பிடுங்குங்க."

"எது?"

"எல்லாம்."

குரலில் இருந்த எதுவோ அவளை எழுப்பியது. லேப்டாப் ஒயரைப் பிடுங்கினாள். சுவரிலிருந்து கீபோர்டின் பிளக்கைப் பிடுங்கினாள். பிடுங்கியதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

டொக். டொக்டொக்.

கடைசி வரி. அவனுக்குத் தெரியும். அதன் பிறகு கொஞ்சம் வெறுமை. அவன் விரல்கள் மேலே எழுந்தன, பத்தும், தாமாக. ஒரு நொடி காற்றில் நின்றன. எடுத்துவிடு. இப்போது எடு. இப்போது.

இறங்கின.

பத்துக் கட்டைகள். அடிவரை.

நகங்கள் வெளுத்தன. முதலில் சுண்டுவிரல் நகம், பிறகு மற்றதெல்லாம். மேலே ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு நகத்தின் மேலும் ஏதோ வைத்து அமுக்குகிற மாதிரி, சதை பக்கவாட்டில் பிதுங்கியது. பொசுங்கிய முடி வாடை. ம்ம்ம்ம் என்ற இரைச்சல், இப்போது கீபோர்டில் இல்லை. அவன் பல்லில்.

"விடுங்க உஸ்தாத். போதும். என்ன இது?"

"முடியல."

ஒரு கட்டை ஒரு விரற்கடைக்கு மேல் இறங்காது. அதற்கடியில் ரப்பர். ரப்பருக்கடியில் தகடு. அவன் எத்தனையோ கீபோர்டுகளைக் கழற்றிப் பார்த்தவன். அதற்கு மேல் இடமே கிடையாது.

இறங்கியது.

முதல் கணு. வலி இல்லை. குளிர். இரண்டாம் கணு. நெவீன் கத்தினாள். டார்ச் வெளிச்சம் சுவரில் ஆடி, கூரையில் ஆடி, திரும்ப அவன் கைக்கு வந்தது. அவள் அவன் தோளைப் பிடித்து இழுத்தாள். நாற்காலி நகர்ந்தது. உடம்பு நகர்ந்தது. கை நகரவில்லை. புறங்கை. கட்டை விரலின் அடிச்சதை. வெள்ளைக் கட்டைகளுக்கு நடுவே, தண்ணீருக்குள் போகிற மாதிரி.

மணிக்கட்டு.

அங்கே நின்றது.

பிறகு கட்டைகள் மேலே வந்தன. ஒவ்வொன்றாக. சின்னச் சின்னக் கிளிக். வெள்ளை, கறுப்பு, வெள்ளை. வரிசை சமமானது, இடைவெளி இல்லை, கீறல் இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அவன் இரண்டு மணிக்கட்டும் அந்தச் சமமான வரிசையில் முடிந்தன. நெவீன் அவன் தோளை விட்டுவிட்டாள். சுவர்வரை பின்னால் போய், பஞ்சுப் பலகையில் முதுகை ஒட்டிக்கொண்டாள். டார்ச்சை மட்டும் அவளால் வேறு பக்கம் திருப்ப முடியவில்லை.

கை இருந்தது. அவனுக்குத் தெரிந்தது. கீழே, எங்கோ, வெகு ஆழத்தில், ஈரமான ஓர் இடத்தில், பத்து விரலும் இருந்தன. அசைத்துப் பார்த்தான். அசைந்தன.

ஏதோ பட்டது.

விரல். எண்ணெய்ப் பிசுக்கோடு, கதகதப்பாக. அவன் விரல்களுக்கு இடையே ஒன்று நுழைந்தது. அடுத்த இடுக்கில் இன்னொன்று. அவசரமில்லாமல், ஒவ்வொரு விரலாக, இரண்டு கைக்கும். கோத்துக்கொண்டன.

இறுக்கின.